விற்பதற்குப் பெயர் மீட்பு அல்ல

இந்தியக் கால்பந்து பிழைக்க ஒரே வழி, நம் கிளப்புகளை ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளிடம் விற்றுவிடுவதுதான் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். 2022-இல் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பை வாங்கப்போவதாகப் பேச்சு கிளம்பியது. பேச்சுவார்த்தை நடப்பதை முன்னாள் கிரிக்கெட் கேப்டன் சௌரவ் கங்குலியே வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் அது கைகூடவில்லை. நம் கால்பந்து வரலாற்றின் மிகப் பெரிய இழப்பு அதுதான் என்கிறார் கட்டுரையாளர். இந்தியன் சூப்பர் லீக்கே (ஐஎஸ்எல்) ஆட்டம் கண்டிருக்கும் இந்த நேரத்திலாவது கதவைத் திறந்து விடுங்கள் என்று கேட்கிறார்.

அவர் அடுக்கும் காரணங்கள் நான்கு. பணம் வரும். நிர்வாகத் திறமை வரும். நம் பையன்களுக்கு ஐரோப்பாவில் ஆடும் வழி பிறக்கும். இதை எதிர்ப்பவர்கள் பழைய பெருமையில் ஊறிய உணர்ச்சிவசப்பட்ட ரசிகர்கள், அவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நான்கும் தவறு. என் ஊகத்தை வைத்து இதைச் சொல்லவில்லை, நடந்து முடிந்தவற்றை வைத்துச் சொல்கிறேன். யாரும் தொட்டுப் பார்க்காத மருந்தைத் தான் கண்டுபிடித்ததைப் போல அவர் எழுதுகிறார். 2014 முதல் இந்தியா இந்த மருந்தைத் திரும்பத் திரும்பக் குடித்துவிட்டது. விளைவுகள் எல்லோர் கண்முன்னும் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. அறியாமல் விட்டாரென்றால் இந்தத் தலைப்பில் எழுத அவருக்குத் தகுதியில்லை. அறிந்தே விட்டாரென்றால் வாசகரை ஏமாற்றியிருக்கிறார்.

முதலில் பணமும் நிர்வாகமும். மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி ஃபுட்பால் குரூப், 2019 நவம்பரில் மும்பை சிட்டி கிளப்பின் 65 சதவீதப் பங்குகளை வாங்கியது. அபுதாபியின் செல்வம் பின்னால் நிற்கும் குழுமம் அது. உலகெங்கும் கிளப்புகளை வாங்கி நடத்துவதே அதன் தொழில். இதைவிடப் பெரிய முதலாளி, இதைவிட அனுபவமுள்ள நிர்வாகம் இந்தியக் கால்பந்துக்கு வந்ததில்லை. கட்டுரையாளரின் கனவு அப்படியே நனவான இடம் மும்பை. அதனால் அவருடைய கொள்கையை உரசிப் பார்க்க மும்பையைவிட நல்ல உரைகல் கிடையாது.

கோப்பைகள் வந்தன. 2020-21-இல் லீக் ஷீல்டையும் கோப்பையையும் மும்பை ஒருசேர வென்றது. 2022-23-இல் மீண்டும் ஷீல்டு, 2023-24-இல் மீண்டும் கோப்பை. 2022 ஏப்ரலில் இராக்கின் ஏர்ஃபோர்ஸ் கிளப்பை 2-1 என்று வீழ்த்தியது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஓர் இந்தியக் கிளப் பெற்ற முதல் வெற்றி அது. இவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

அந்த வெற்றி எப்படிக் கட்டப்பட்டது என்பதுதான் கேள்வி. 2019-20-இல் லீக் ஷீல்டை வென்ற அணி எஃப்சி கோவா. அந்த அணியை உருவாக்கியவர் செர்ஜியோ லொபேரா. 2020-இல் அவரை மும்பை கொண்டுவந்தது. அவரோடு முர்தாதா ஃபால், அகமது ஜாஹு, ஹியூகோ பூமூஸ், மந்தார் ராவ் தேசாய் ஆகியோரும் கோவாவிலிருந்து வந்தார்கள். அடுத்த ஆண்டு, வடகிழக்கின் இளம் நட்சத்திரம் அபுயாவை நார்த்ஈஸ்ட் யுனைடெடிடமிருந்து பெருந்தொகை கொடுத்து வாங்கினார்கள். ஒரு கிளப் இப்படி வீரர்களை வாங்குவது குற்றமில்லை. ஆனால் கோவாவில் வளர்ந்த அணியை மும்பைக்குப் பெயர்த்துக்கொண்டு போவதால் இந்தியக் கால்பந்து ஓர் அங்குலமும் வளர்ந்துவிடாது. ஏற்கெனவே இருந்த திறமை அதிகப் பணம் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

அத்தனை செல்வம் இருந்தும் அந்த அணி சொந்தமாக ஒரு மைதானம் கட்டவில்லை. சில ஆயிரம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய அந்தேரி மைதானத்தில் ஆடிவந்தது. 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஈரானின் நசாஜி அணியைத் ‘தன் ஊரில்’ எதிர்கொள்ள மும்பை அணி புனே வரை போகவேண்டியிருந்தது. உலகின் பெரும் பணக்காரக் கால்பந்துக் குழுமங்களில் ஒன்று நாலு வருடமாக நடத்திய கிளப்பின் நிலை இது.

அடுத்து நடந்ததைக் கட்டுரையாளர் நிச்சயம் படித்திருப்பார். 2025 டிசம்பரில் சிட்டி ஃபுட்பால் குரூப் தன் பங்கைப் பழைய உரிமையாளர்களிடமே கொடுத்துவிட்டு வெளியேறியது. வணிக நிலையை ஆராய்ந்ததும், லீக்கின் எதிர்காலம் நிச்சயமற்று இருப்பதும்தான் காரணம் என்றது. அவர்கள் நோக்கில் அது நியாயமான முடிவு. லாப நஷ்டம் பார்த்து வந்தவர்கள், லாப நஷ்டம் பார்த்துப் போனார்கள். ஆனால் இந்தியக் கால்பந்துக்கு ஒரு பெரிய கை தேவைப்பட்ட அதே மாதத்தில்தான் போனார்கள். நெருக்கடியிலிருந்து காப்பாற்ற ஐரோப்பிய முதலாளியைக் கூப்பிடுங்கள் என்று எழுதுகிறவர், இருந்த முதலாளி அந்த நெருக்கடியைக் காரணம் காட்டியே வெளியேறியதை மறைத்துவிட்டு எழுதுகிறார். அவர் வாதத்தின் உயிர்நாடியே இங்கே அறுந்துபோகிறது.

இது ஒற்றை நிகழ்வும் அல்ல. 2014-இல் தொடங்கிய அத்லெட்டிகோ டி கொல்கத்தாவில் அத்லெட்டிகோ மாட்ரிட் பங்குதாரர். கொல்கத்தா அணிக்குத் தன் பெயரையும் சிவப்பு வெள்ளைக் கோடுகளையும் கொடுத்தது. மூன்று சீசனில் இரண்டு கோப்பைகள் வந்தன. 2017-இல் மாட்ரிட் விலகியது, பெயரும் ஏடிகே என்று சுருங்கியது. இத்தாலியின் ஃபியோரென்டினாவைக் கூட்டாளியாகக் காட்டித் தொடங்கிய எஃப்சி புனே சிட்டி 2019-இல் மூடப்பட்டது. டச்சுக் கிளப் ஃபெயனூர்டின் உறவோடு தொடங்கிய டெல்லி டைனமோஸ் அதே ஆண்டு புவனேஸ்வருக்கு இடம்பெயர்ந்து ஒடிஷா எஃப்சி ஆனது. கட்டுரையாளரின் பட்டியலில் இந்த ஊர்களுக்கு ஏன் இடமில்லை?

தமிழ்நாட்டில் நடந்ததையாவது அவர் சொல்லியிருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல், கோவை நேரு மைதானத்தைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சியின் 26 சதவீதப் பங்குகளை வாங்கியது. 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் சாம்பியனான கிளப் பாசல். முகமது சலாவை ஐரோப்பாவுக்கு முதலில் அழைத்து வந்ததும் அதுதான். அடுத்த மாதமே, மார்ச் 9 அன்று, கோவையில் மினெர்வா பஞ்சாபுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். தொடக்கத்திலேயே சென்னை சிட்டி ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தற்காப்பு வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கின் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. 43 புள்ளிகள். ஒரே புள்ளி பின்தங்கி இரண்டாம் இடத்தில் நின்ற அணி, கட்டுரையாளர் இப்போது விற்கச் சொல்லும் ஈஸ்ட் பெங்கால்.

எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் ஊர்ப் பையன்கள் ஆடிய அணி அது. தேசிய சாம்பியன் பட்டமும் கையில், ஐரோப்பியக் கூட்டாளியும் கையில். கட்டுரையாளரின் கணக்குப்படி அந்தக் கிளப் இன்று ஆசியாவையே கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2019-20 முதல் நாட்டின் முதன்மை லீக் ஐஎஸ்எல் என்று அறிவிக்கப்பட்டது. ஐ-லீக்கை வென்றாலும் ஐஎஸ்எல்லுக்கு ஏறிப்போக அன்று வழி கிடையாது. சாம்பியன் அணி ஒரே இரவில் இரண்டாம் தர அணியாகிவிட்டது. வீரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். 2021-இல் உரிமத் தகுதியை நிறைவு செய்யாததால் சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. பாசலிலும் அதே ஆண்டு உரிமையாளர் மாறினார். கோவை மைதானத்தை நிரப்பிய மக்களுக்கு ஆதரிக்க ஒரு கிளப் இல்லாமல் போனது. 26 சதவீத ஐரோப்பா அதைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது. லீக்கின் அமைப்பு ஒரு கிளப்பைக் கொல்லும்போது பங்குதாரரின் பாஸ்போர்ட் அதைக் காப்பாற்றாது.

மூன்றாவது காரணம்தான் இருப்பதிலேயே கொடியது. ஏனென்றால் அது ஏழைப் பையன்களின் ஆசையில் விளையாடுகிறது. ஐரோப்பியக் கிளப் வாங்கினால் நம் பையன்கள் ஐரோப்பாவில் ஆடுவார்கள் என்கிறார். சிட்டி குழுமம் மும்பையை ஆறு ஆண்டு வைத்திருந்தது. மான்செஸ்டரில், ஜிரோனாவில், ட்ருவாவில், லொம்மலில் என்று அதன் ஐரோப்பியக் கிளப்புகள் பல. அவற்றில் எதன் முதல் அணியிலும் மும்பையிலிருந்து போன ஓர் இந்திய வீரர் லீக் ஆட்டம் ஆடியதில்லை. இந்திய வீரர் சாங்தே போன்ற வேகப்புயல் மும்பை அணியில் இருந்தபோதும் அது நடக்கவில்லை.

இத்தகைய குழுமங்களில் வீரர்கள் எதற்காக நகர்த்தப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள பிரேசிலின் சாவின்ஹோவைப் பார்க்க வேண்டும். 2022-இல் சிட்டி குழுமத்தின் பிரெஞ்சுக் கிளப்பான ட்ருவா அவரை வாங்கியது. ட்ருவாவுக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முதலில் நெதர்லாந்தின் பிஎஸ்விக்கு இரவல் போனார். அடுத்து அதே குழுமத்தின் ஜிரோனாவுக்கு இரவல். அங்கே ஜொலித்ததும் 2024-இல் மான்செஸ்டர் சிட்டி எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் ட்ருவா இரண்டு முறையும் புள்ளிப்பட்டியலில் தரம் இறக்கப்படும் இடங்களுக்குச் சரிந்தது. தன் பெயரில் வாங்கப்பட்ட வீரரைத் தன் மைதானத்தில் பார்க்காமலேயே அந்த ஊர் தோல்வியைச் சுமந்தது. பிரான்சின் ஒரு கிளப்புக்கே இந்தக் கதி என்றால், கொல்கத்தாவின் கிளப் அந்த வரிசையில் எங்கே நிற்கும்? கடைசியில் நிற்கும்.

ஐரோப்பாவில் கால் பதித்த இந்தியர்கள் உண்டு. பைச்சுங் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் பரி அணிக்குப் போனார். குர்பிரீத் சிங் சந்து நார்வேயின் ஸ்டாபெக்கில் ஆடி யூரோப்பா லீக் தகுதிச்சுற்று வரை போனார். இருவருமே ஈஸ்ட் பெங்காலில் ஆடியவர்கள். எந்த ஐரோப்பிய முதலாளியும் அவர்களை அனுப்பிவைக்கவில்லை. சொந்த ஆட்டத்தால் போனார்கள்.

இனி நான்காவது. ரசிகர்கள் உணர்ச்சிவசப்பட்டவர்கள், அவர்களைக் கேட்க வேண்டியதில்லை என்கிறார். ஈஸ்ட் பெங்கால் யாருடையது என்று அவருக்குத் தெரியுமா? 1920-இல் தொடங்கிய கிளப் அது. பிரிவினையில் வீடு, நிலம், ஊர் எல்லாம் இழந்து கொல்கத்தாவுக்கு வந்த கிழக்கு வங்காள மக்கள், தாங்கள் இன்னும் ஒரு மக்கள்தான் என்று உரக்கச் சொல்ல முடிந்த ஒரே இடமாக அதன் மைதானக் கேலரி இருந்தது. சிவப்பும் பொன்னிறமும், எரியும் தீப்பந்தமும் அவர்கள் அடையாளம். அணி ஜெயித்த நாளில் அந்த வீடுகளில் இலிஷ் மீன் சமைப்பார்கள். 2023 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்திய அந்த ஒற்றை கோலை அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். ஊரும் மொழியும் வேறாக இருந்தும் கொல்கத்தா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. இந்த உறவை உணர்ச்சி என்று ஒதுக்கிவிட்டால் அந்தக் கிளப்பில் விலைக்கு வாங்க மிஞ்சுவது என்ன? இவர்கள் இல்லையென்றால் எந்த மான்செஸ்டரும் கொல்கத்தாவைத் திரும்பிப் பார்க்காது. விற்பனைக்கு வைக்கப்படும் சரக்கே அவர்களுடைய அன்புதான். அதை விற்கும்போது அவர்களைக் கேட்கத் தேவையில்லை என்று சொல்வது அப்பட்டமான அநியாயம்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஊரில் சாட்சி இருக்கிறது. 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டை வீழ்த்தி ஐஎஃப்ஏ ஷீல்டை வென்ற மோகன் பகானை 2020-இல் ஏடிகேவோடு இணைத்து, ‘ஏடிகே மோகன் பகான்’ என்று பெயரிட்டார்கள். பெயருக்கு முன்னால் ஒட்டிய அந்த மூன்று எழுத்தை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று ஆண்டு ஓயாமல் போராடினார்கள். 2023-இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற இரவில் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அந்த எழுத்துகளை நீக்குவதாக அறிவித்தார். உரிமையாளர் அதே ஊர்க்காரர் என்பதால் போராட ஒரு வாசலாவது இருந்தது. மான்செஸ்டரில் இருக்கும் இயக்குநர் குழுவின் வாசலில் கொல்கத்தா ரசிகர் எப்படிப் போய் நிற்பார்?

கட்டுரையாளர் மெச்சும் ஐரோப்பாவாவது இப்படி விற்கிறதா? ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் இன்றும் தங்கள் உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை. ஜெர்மனியில், சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். பயர்ன் மியூனிக்கின் 75 சதவீதம் அதன் உறுப்பினர் சங்கத்திடம் இருக்கிறது. கார்டிஃப் சிட்டியை வாங்கிய மலேசியத் தொழிலதிபர் 2012-இல் அதன் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடவில்லை. 2015-இல் நீலம் திரும்பியது. கிளப்புகளின் நிதிநிலையையும் பாரம்பரியத்தையும் காக்கவே 2025-இல் இங்கிலாந்து தனிச் சட்டம் இயற்றி, சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பை நிறுவியது. தங்கள் வீட்டில் அவர்கள் பூட்டிவைப்பதை நம் வீட்டில் திறந்துவைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர்.

மான்செஸ்டர் யுனைடெடையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் கிளேசர் குடும்பம் கடன் எடுத்து அதை வாங்கியது. அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. கொதித்துப்போன ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாகவே ஒரு கிளப் தொடங்கினார்கள். 2021 மே மாதம் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்ததில் லிவர்பூல் ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது. தன் ஊர் மக்களிடமே நம்பிக்கை இழந்த உரிமையாளர்கள் நம்மை மீட்பார்கள் என்று நம்பச் சொல்வது எந்த அறிவு?

திசை மாறினாலும் பாடம் ஒன்றுதான். 2010-இல் புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. பிரீமியர் லீக்கை ஒருமுறை வென்ற கிளப் அது. 2012-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2017-இல் மூன்றாம் தரத்துக்கே சரிந்தது. அங்கே ரசிகர்கள் எதிர்த்ததை யாரும் மூடத்தனம் என்று சொல்லவில்லை. தொலைவில் இருக்கும் முதலாளிக்கு ஊரின் நாடி தெரியாது என்று பிளாக்பர்ன்காரர் சொன்னால் அது நியாயம், கொல்கத்தாக்காரர் சொன்னால் அது பிற்போக்கு என்று எந்தத் தராசில் நிறுக்கிறார் இவர்?

நம் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. 2010-இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஒரே தரப்பிடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில் புதுப்பிப்பு குறித்த தெளிவு இல்லாததால், 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு கிளப் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சி செயல்பாட்டை நிறுத்தியது. நவம்பரில் புதிய வணிக உரிமைக்கு ஏலம் கேட்க ஒருவர்கூட வரவில்லை. 2023-இல் உலகத் தரவரிசையில் 99-ஆம் இடம் வரை ஏறிய தேசிய அணி, 2025 முடிவதற்குள் 140-க்குக் கீழே சரிந்தது. இந்தச் சரிவுக்கு எந்தக் கிளப்பின் உரிமையாளர் எந்த நாட்டவர் என்பது ஒரு காரணமே அல்ல. நிலையான நாட்காட்டி இல்லை, கீழ்நிலை லீக்குகளுக்கு மதிப்பில்லை, பொறுப்பேற்கும் நிர்வாகம் இல்லை. ஐ-லீக்கிலிருந்து மேலேறும் வழி திறந்ததே 2023-இல் பஞ்சாப் எஃப்சி மேலேறியபோதுதான். அது நாலு ஆண்டு முன்னால் திறந்திருந்தால் கோவைக்கு இன்று ஒரு கிளப் இருந்திருக்கும்.

அந்நியப் பணமே தொடக்கூடாது என்பதல்ல என் நிலை. பணம் வரட்டும், நிபந்தனையோடு வரட்டும். பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடமும் உள்ளூரிலும் இருக்கட்டும். பெயர், நிறம், சின்னம் மூன்றையும் ரசிகர்களின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது. வெளியேறுவதாக இருந்தால் முன்னறிவிப்பும், குறைந்தது ஒரு சீசனுக்கான செலவுத் தொகையும் வைத்துவிட்டுப் போகவேண்டும். மைதானத்துக்கும் சிறுவர் பயிற்சிக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இவற்றுக்குக் கையெழுத்திடும் ஐரோப்பியக் கிளப் எதுவானாலும் வரவேற்கலாம். கையெழுத்திட மறுத்தால் அது எதற்கு வருகிறது என்பது அந்த மறுப்பிலேயே தெரிந்துவிடும்.

மான்செஸ்டர் வராத 2022-இல் ஈஸ்ட் பெங்காலோடு கைகோத்தது கொல்கத்தாவின் இமாமி நிறுவனம். 2024 ஜனவரியில் அந்த அணி ஒடிஷாவை 3-2 என்று வீழ்த்திச் சூப்பர் கோப்பையை வென்றது. கட்டுரையாளர் இழப்பு என்று எழுதிய அந்த ஆண்டிலிருந்து கிடைத்த பலன் இது. அடுத்த முறை அவர் இந்தியக் கால்பந்தைப் பற்றி எழுதும்போது, எந்தக் கிளப்பை யாரிடம் விற்கலாம் என்பதை விட்டுவிட்டு, லீக் எந்தத் தேதியில் தொடங்கும், கீழிருந்து எத்தனை அணிகள் மேலேறும், பதினான்கு வயதுப் பையன் ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடுவான் என்று கூட்டமைப்பிடம் கேட்கட்டும். இந்த மூன்று கேள்விக்கும் விடை வாங்கித் தராத யாருக்கும் நூறாண்டுக் கிளப் ஒன்றை விலை பேசும் உரிமை கிடையாது.